மருந்துச் சீட்டில் உணவுக்கு ஒரு வரி

(தாராபுரத்தில் பெற்றோர், அங்கன்வாடிப் பணியாளர், ஆசிரியர் கூடிய அவையில் குழந்தை மருத்துவர் ஒருவர் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)

குழந்தை மருத்துவரைப் பேசக் கூப்பிட்டால் தடுப்பூசியைப் பற்றியோ டெங்குவைப் பற்றியோ பேசுவார் என்று நினைத்து வந்திருப்பீர்கள். நான் இன்று எடுத்துக்கொண்ட பொருள் சற்று வேறு. ஒரு வைரஸ் காய்ச்சல் வருகிறது, இரண்டு மூன்று நாளில் போய்விடுகிறது, வீட்டில் எல்லோரும் அதை மறந்தும் விடுகிறார்கள். சில வாரம் கழித்து, மிகச் சில குழந்தைகளுக்கு மட்டும் உடம்பு முழுவதும் கடுமையான அழற்சி கிளம்புகிறது. அந்தக் குழந்தை முன்பே மெலிந்து, எடை குறைந்து இருந்தால் அதன் கதி என்ன? இதுதான் இன்றைய கேள்வி. விடையை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அழற்சியை அடக்க மருந்து இருக்கிறது. அந்த மருந்தையும் நோயையும் சேர்த்துத் தாங்கும் வலிமையை உணவுதான் கொடுக்க வேண்டும். அதுவும் நோய் வருவதற்கு முன்பே கொடுத்திருக்க வேண்டும்.

காய்ச்சல் போன பிறகு வந்த நோய்

2020 ஏப்ரலில் லண்டன் மருத்துவர்கள் விசித்திரமான ஒன்றைக் கவனித்தார்கள். கொரோனா பெரியவர்களைத்தான் தாக்கும், குழந்தைகளை விட்டுவிடும் என்று உலகம் ஆறுதல்பட்டுக்கொண்டிருந்த நேரம் அது. நல்ல ஆரோக்கியத்தோடு இருந்த பிள்ளைகள் விடாத காய்ச்சல், தோலில் தடிப்பு, சிவந்த கண்கள், வயிற்றுவலி ஆகியவற்றோடு வந்து, ரத்த அழுத்தம் சரிந்து, நேரே ஐ.சி.யூ.வுக்குப் போனார்கள். இத்தாலியின் பெர்கமோ நகரிலும் அதே காட்சி. 2020 மே மாத நடுவில் உலக சுகாதார நிறுவனம் இதற்கு இலக்கணம் வகுத்து வெளியிட்டது. எம்.ஐ.எஸ்.-சி என்று சுருக்கமாக அழைக்கிறோம். கொரோனா தொற்றுக்குப் பிறகு குழந்தைகளுக்கு வரும் பல உறுப்பு அழற்சி நோய் என்பது அதன் பொருள்.

இதற்கு ஒரு மூத்த உறவு உண்டு. ஜப்பானைச் சேர்ந்த டோமிசாகு கவாசாகி என்ற குழந்தை மருத்துவர் 1961-இல் ஒரு சிறுவனிடம் முதலில் கண்டு, 1967-இல் 50 குழந்தைகளின் விவரங்களோடு எழுதிய நோய் அது. அவர் பெயரையே தாங்கி நிற்கிறது. இதயத்துக்கு ரத்தம் கொண்டுபோகும் குழாய்களை வீங்க வைக்கும் நோய். எம்.ஐ.எஸ்.-சி அதைப் போலத் தோன்றினாலும், சற்றுப் பெரிய பிள்ளைகளுக்கு வந்தது. வயிற்றையும் இதயத் தசையையும் அதிகமாகத் தாக்கியது.

நம் மாநிலத்தில் இதை முதலில் கண்டது சென்னை. காஞ்சி காமகோடி சைல்ட்ஸ் டிரஸ்ட் மருத்துவமனையில் 8 வயதுச் சிறுவனுக்குச் சிகிச்சை அளித்த அனுபவத்தை அங்குள்ள மருத்துவர்கள் 2020-லேயே இந்தியக் குழந்தை மருத்துவ இதழில் எழுதினார்கள். அதே ஆண்டில் சென்னையிலிருந்து 19 குழந்தைகளைப் பற்றிய தொகுப்பு வந்தது. 2021 மே மாதக் கடைசியில் அன்றாடத் தொற்று எண்ணிக்கையில் கோவை மாவட்டம் சென்னையையே முந்திப் போனது உங்களுக்கு நினைவிருக்கும். எம்.ஐ.எஸ்.-சி பொதுவாகத் தொற்றின் உச்சத்துக்கு இரண்டு முதல் ஆறு வாரம் பின்னால்தான் வரும். பெரியவர்களின் படுக்கைகள் காலியாகத் தொடங்கிய வேளையில் குழந்தைகள் பிரிவுக்கு வேலை கூடியது இதனால்தான்.

இந்த நோய் வரும் வேளையில் வைரஸ் பெரும்பாலும் உடம்பை விட்டுப் போயிருக்கும். மூக்கில் குச்சி விட்டுப் பார்த்தால் பல நேரம் ஒன்றும் இல்லை என்றே வரும். வைரஸை விரட்டப் புறப்பட்ட நோய் எதிர்ப்பு ஆற்றல் தன் வேலை முடிந்தும் அடங்காமல் சொந்த உடம்பின் மேலேயே திரும்புகிறது. வாந்தியும் வயிற்றுவலியும் முன்னால் வருவதால் குடல்வால் என்றும், விடாத காய்ச்சலால் டைபாய்டு என்றும் தடுமாற இடமுண்டு.

இன்று எம்.ஐ.எஸ்.-சி அரிதாகிவிட்டது. ஆனாலும் கவாசாகி நோய் இருக்கிறது, டெங்கு இருக்கிறது, தட்டம்மை இருக்கிறது. கொரோனா கற்றுக்கொடுத்த பாடம் இவை எல்லாவற்றுக்கும் பொருந்தும்.

அழற்சி உடம்பைத் தின்னும் விதம்

ஒரு டிகிரி செல்சியஸ் காய்ச்சல் ஏறினால் உடம்பின் எரிபொருள் செலவு பத்தில் ஒரு பங்குக்கு மேல் கூடுகிறது. மூன்று டிகிரி ஏறினால் மூன்றில் ஒரு பங்கு கூடிவிடும். அதே நேரத்தில் வரவு நின்றுபோகிறது. வாய் கசக்கிறது, குமட்டுகிறது, பேதியாகிறது. செலவை ஈடுகட்ட உடம்பு தன் தசையையே கரைக்கிறது. கல்லீரலும் தன் வேலையை மாற்றிக்கொள்கிறது. வழக்கமாக அது ஆல்புமின் என்ற புரதத்தைச் செய்துகொண்டிருக்கும். ரத்தத்தின் நீர் குழாய்க்குள்ளேயே தங்க உதவுவது அந்த ஆல்புமின்தான். அழற்சிக் காலத்தில் கல்லீரல் அதைக் குறைத்துக்கொண்டு, சி.ஆர்.பி. போன்ற போர்க்காலப் புரதங்களைச் செய்யப் போய்விடுகிறது. குழாய்களும் கசியத் தொடங்குகின்றன. நீர் வெளியேறுகிறது, முகமும் காலும் வீங்குகின்றன, ரத்த அழுத்தம் சரிகிறது.

அமராவதி அணையில் இருப்பு நன்றாக இருந்த வருஷம், மழை தள்ளிப்போனாலும் தாராபுரத்து வயல் சில வாரம் தாக்குப்பிடிக்கும். இருப்பு இல்லாத வருஷம் ஒரு வாரத் தாமதத்திலேயே பயிர் வாடிப்போகும். பிள்ளையின் தசையும் கொழுப்பும் ஆல்புமினும் அப்படிப்பட்ட இருப்புதான்.

எட்டு வயதுப் பையன்கள் இருவரை வைத்துக்கொள்வோம். ஒருவனுக்கு எடை 25 கிலோ. மற்றவனுக்கு 17 கிலோ. இருவருக்கும் ஒரே நாளில் ஒரே அளவு காய்ச்சல். முதல் பையன் ஒரு வாரம் சாப்பிடாமல் இரண்டு கிலோ இறங்கினால் 23 கிலோவில் நிற்பான், தேறிவிடுவான். இரண்டாம் பையனுக்கு இறங்கவே இடமில்லை. அவனுடைய இதயமும் தசைதான் என்பதை நினைவில் வையுங்கள். உடம்பு மெலியும்போது இதயத் தசையும் சேர்ந்தே மெலிகிறது. எம்.ஐ.எஸ்.-சி அதிகமாகத் தாக்குவதோ அந்த இதயத்தை.

சிகிச்சையும் மாற வேண்டியிருக்கிறது

மெலிந்த பிள்ளைக்கு நோய் மட்டுமல்ல, வைத்தியமும் கடினமாகிறது. இதை விரிவாகச் சொல்ல விரும்புகிறேன்.

முதலில், நோயைக் கண்டுபிடிப்பதே கடினம். கடுமையான ஊட்டக் குறைவில் இருக்கும் குழந்தைக்குக் காய்ச்சல் ஏறாமலே பெரிய தொற்று இருக்கலாம். உடம்பு சில்லிட்டுக்கூடப் போகலாம். காலில் வீக்கம் இருந்தால் அது பழைய ஊட்டக் குறைவால் வந்ததா, இன்றைய அழற்சியால் வந்ததா என்று பிரித்தறிய வேண்டும். ஆல்புமின் குறைவு இரண்டிலும் உண்டு. ரத்தத்தில் இரும்பிருப்பைக் காட்டும் பெர்ரிட்டின் அளவு அழற்சியால் உயர்ந்து நிற்கும்; அதைப் பார்த்து இரும்புச்சத்து போதுமான அளவு இருக்கிறது என்று ஏமாந்துவிடக் கூடாது. ரத்தசோகை தெரிகிறதே என்று கடும் காய்ச்சலுக்கு நடுவில் இரும்பு மருந்தைத் தொடங்கவும் கூடாது. அதற்கு முறை பின்னால் வரும்.

அடுத்தது, நரம்பில் ஏற்றும் திரவம். ரத்த அழுத்தம் சரிந்தால் வேகமாகத் திரவம் ஏற்றுவது வழக்கம். மெலிந்த இதயத்துக்கு அந்த வேகமே ஆபத்தாகலாம். உகாண்டா, கென்யா, தான்சானியா நாடுகளில் கடும் காய்ச்சலோடு வந்த குழந்தைகளிடம் நடத்திய பெரிய ஆய்வு 2011-இல் வெளியானபோது மருத்துவ உலகமே திகைத்தது. அவசரமாகத் திரவம் ஏற்றப்பட்ட குழந்தைகளே அதிகம் இறந்திருந்தார்கள். கடும் ஊட்டக் குறைவுள்ள குழந்தைகளை அந்த ஆய்விலேயே சேர்க்கவில்லை. அவ்வளவு அபாயம் என்று கருதினார்கள். ‘ஒரு பாட்டில் குளுக்கோஸ் ஏத்திவிடுங்க சார், பையன் சோர்ந்து கிடக்கறான்’ என்று வற்புறுத்தும் பெற்றோருக்காகவே இதைச் சொல்கிறேன்.

மூன்றாவது, ஐ.வி.ஐ.ஜி. என்ற மருந்து. பல பேருடைய ரத்தத்திலிருந்து எடுத்த எதிர்ப்புப் புரதம். கிலோவுக்கு 2 கிராம் கணக்கு. நம் 17 கிலோ பையனுக்கு 34 கிராம். நூற்றுக்கு ஐந்து வீதம் கரைத்த மருந்தாக இருந்தால் 680 மில்லி ஏற்ற வேண்டும். அவன் உடம்பில் ஓடும் மொத்த ரத்தமே சுமார் 1,300 மில்லிதான். தளர்ந்த இதயத்தின் மேல் அதில் பாதி அளவைச் சுமத்துகிறோம். அதனால்தான் மணிக்கணக்கில் மெதுவாக ஏற்றுகிறோம். ஒவ்வொரு குப்பியும் பல ஆயிரம் ரூபாய் என்பது இன்னொரு சுமை.

விலை குறைந்த மருந்து ஸ்டீராய்டு. 2021-இல் 32 நாடுகளைச் சேர்ந்த 614 குழந்தைகளின் விவரங்களைத் திரட்டிப் பார்த்தபோது, ஐ.வி.ஐ.ஜி. மட்டும், ஸ்டீராய்டு மட்டும், இரண்டும் சேர்த்து என்று மூன்று வழிகளிலும் பலன் ஏறத்தாழ ஒன்றாகவே இருந்தது. அந்த ஆண்டு நவம்பரில் உலக சுகாதார நிறுவனமும் மருத்துவமனையில் சேர்ந்த எம்.ஐ.எஸ்.-சி குழந்தைகளுக்கு ஸ்டீராய்டைப் பரிந்துரைத்தது. ஏழை நாடுகளுக்கு இது நல்ல செய்தி. ஆனால் மெலிந்த பிள்ளையிடம் காசநோய் ஒளிந்திருக்கலாம். ஸ்டீராய்டு அதைக் கிளப்பிவிடும். பொட்டாசியத்தை இறக்கும், தசையைக் கரைக்கும், சர்க்கரையை ஏற்றும். ஆயினும் கொடுக்கத்தான் வேண்டும். கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு கொடுக்க வேண்டும்.

நான்காவது, உணவே மருந்தாகவும் அபாயமாகவும் இருக்கும் விந்தை. பட்டினி கிடந்த உடம்புக்குத் திடீரென்று வயிறு முட்டக் கொடுத்தால் பாஸ்பரஸ், பொட்டாசியம், தயமின் ஆகியவை ரத்தத்தில் சட்டென்று சரிந்து இதயம் நின்றுபோகக்கூடும். அதனால் கடும் ஊட்டக் குறைவுக்கு ஒரு படிமுறை வகுத்திருக்கிறார்கள். முதல் சில நாள் 100 மில்லிக்கு 75 கலோரி தரும் பாலுணவு, இரண்டு மூன்று மணிக்கொரு தரம், சிறுகச் சிறுக, இரவிலும். பசி திரும்பிய பிறகு 100 கலோரி தரும் உணவு. அதன் பிறகே இரும்புச்சத்து. ஐ.சி.யூ.வில் இதய ஸ்கேனான எக்கோவும் சி.ஆர்.பி.யும் தினந்தோறும் பார்க்கும் நாம், பிள்ளை நேற்று எத்தனை கலோரி உட்கொண்டது என்று எழுதி வைக்கிறோமா என்பதே என் கேள்வி.

பெருத்த பிள்ளைகளுக்கும் இதில் பங்குண்டு

ஊட்டக் குறைவுதான் எம்.ஐ.எஸ்.-சி நோயை வரவழைக்கிறது என்று யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். நன்றாக வளர்ந்த பிள்ளைகளுக்கும் வந்தது. அமெரிக்காவில் 2020 ஆகஸ்டில் வெளியான 570 குழந்தைகளின் தொகுப்பில் கூடவே இருந்த குறைகளில் முதலிடம் உடல் பருமனுக்கு. நான்கில் ஒரு பிள்ளை அப்படி இருந்தது. பருத்த உடம்பில் முன்பே மெல்லிய அழற்சி புகைந்துகொண்டிருக்கும் என்பது தெரிந்த செய்தி.

டெங்குவில் இன்னொரு புதிர். 1993-இல் தாய்லாந்து மருத்துவர்கள், ரத்தக் கசிவு டெங்குவோடு வந்த குழந்தைகளில் மெலிந்தவர்கள் குறைவாகவே இருந்தார்கள் என்று எழுதினார்கள். பின்னால் வந்த ஆய்வுகளின் முடிவுகள் இரு பக்கமும் சாய்கின்றன. எதிர்ப்பு ஆற்றல் மிகையாகப் பாய்வதால் வரும் நோய்க்கு அந்த ஆற்றலே குறைந்த பிள்ளை சற்றுக் குறைவாக ஆளாகலாம் என்பது விளக்கம். அதைக் கேட்டு மகிழ முடியாது. அதே பிள்ளை நிமோனியாவுக்கும் பேதிக்கும் தட்டம்மைக்கும் எளிதில் பலியாகிறது.

தொற்று உடம்பை மெலிவிக்கும். மெலிந்த உடம்பு அடுத்த தொற்றை வரவேற்கும். இந்த இருவழிச் சுழலை நெவின் ஸ்க்ரிம்ஷா என்ற ஊட்டவியல் அறிஞரும் அவருடைய தோழர்களும் 1968-இல் உலக சுகாதார நிறுவன நூலாகவே எழுதினார்கள். நம் பக்கத்து அறிஞர் ஒருவரையும் இங்கே சொல்ல வேண்டும். சேலத்தில் 1918-இல் பிறந்த சி. கோபாலன். குன்னூரில் தொடங்கி 1958-இல் ஹைதராபாத்துக்கு இடம் மாறிய ஊட்டச்சத்து ஆய்வகத்தை வளர்த்தெடுத்தவர். புரதப் பொடியை விற்பதில் உலகம் முனைந்திருந்த காலத்தில், நம் பிள்ளைகளுக்கு முதல் குறை மொத்தச் சாப்பாட்டின் அளவிலேயே இருக்கிறது, வழக்கமான உணவையே வயிறார உண்டால் புரதமும் பெரும்பாலும் ஈடாகிவிடும் என்று ஆய்வால் நிலைநாட்டியவர்.

திருச்சி மாவட்டத்தில் நடந்த ஒரு சோதனையும் நமக்குப் பெருமை சேர்த்தது. பள்ளி செல்லா வயதுப் பிள்ளைகள் 15,000 பேருக்கு மேல். ஒரு பாதிக்கு வாரந்தோறும் சிறு அளவு வைட்டமின் ஏ, சாப்பாட்டிலிருந்தே கிடைக்கக்கூடிய அளவு. 1990-இல் முடிவு வெளிவந்தபோது, அந்தப் பிள்ளைகளிடையே இறப்பு பாதிக்கும் கீழே இறங்கியிருந்தது. வளர்ச்சி குன்றிய பிள்ளைகளிடம் பலன் எல்லாவற்றிலும் அதிகம். இருப்பு குறைந்த உடம்பில் ஒரு சிறு சத்தும் உயிரைக் காக்கிறது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா?

நம் நிலை

2019-21-இல் நடந்த ஐந்தாவது தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பைப் பாருங்கள். தமிழ்நாட்டில் ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளில் நூற்றுக்கு 25 பேர் வயதுக்கேற்ற உயரம் இல்லாதவர்கள். 22 பேர் எடை குறைந்தவர்கள். சுமார் 15 பேர் உயரத்துக்கேற்ற எடை இல்லாமல் மெலிந்தவர்கள். இந்திய சராசரியைவிட இவை நல்ல கணக்குதான். ஆனால் ரத்தசோகை 57 பேருக்கு; முந்தைய கணக்கெடுப்பில் 51-க்குள் இருந்தது கூடியிருக்கிறது.

திட்டங்களுக்குக் குறைவில்லை. 1982-இல் எம்.ஜி.ஆர். தொடங்கிய சத்துணவு, 2022-இல் தொடங்கிய காலை உணவு, அதே ஆண்டு மே மாதம் உதகை அருகே தொடங்கிய ‘ஊட்டச்சத்தை உறுதி செய்’ திட்டம், அங்கன்வாடிச் சத்துமாவு. இவை எல்லாம் இந்தியாவுக்கே வழிகாட்டிய முயற்சிகள். ஆயினும் ஓர் இடைவெளி இருக்கிறது. அங்கன்வாடியில் மாதந்தோறும் எடை பார்ப்பது பிள்ளை பள்ளிக்குப் போனதோடு நின்றுவிடுகிறது. அதன் பிறகு பள்ளிக்கு வரும் மருத்துவக் குழு ஆண்டுக்கு ஒரு தரம் பார்ப்பதுதான். எம்.ஐ.எஸ்.-சி அதிகம் வந்ததோ ஆறு முதல் பத்து வயதுக்குள். அதாவது, நம் கண் அகலும் வயதில்தான் இந்த நோய் வந்து நின்றது. மேல்கைச் சுற்றளவு 11.5 சென்டிமீட்டருக்குக் கீழே இருந்தால் கடுமையான மெலிவு என்ற கணக்கு ஐந்து வயது வரைக்குமே பொருந்தும். பள்ளிப் பிள்ளைக்கு உயரமும் எடையும் சேர்த்துத்தான் பார்க்க வேண்டும்.

தாயும் தகப்பனும் விடியற்காலையில் பனியன் கம்பெனிக்கோ நூல் மில்லுக்கோ வண்டி ஏறும் வீடுகள் இங்கே எத்தனை! வேலை தேடி வடக்கிலிருந்து வந்து, ரேஷன் அட்டையும் மொழியும் இல்லாமல் வாடகை லைன் வீட்டில் இருக்கும் குடும்பங்களின் பிள்ளைகள் எந்த அங்கன்வாடிப் பதிவேட்டில் இருக்கிறார்கள்? அவர்களையும் நம் கணக்கில் சேர்த்தே ஆக வேண்டும்.

காய்ச்சல்காரப் பிள்ளையின் தட்டு

‘லங்கணம் பரம ஔஷதம்’ என்று பெரியவர்கள் சொல்வார்கள். கல்யாணச் சாப்பாடு செரிக்காத பெரியவருக்கு அது சரி. மெலிந்த பிள்ளைக்கு அது தண்டனை. காய்ச்சல் என்றதும் பால் வேண்டாம், முட்டை வேண்டாம், பருப்பு மந்தம் என்று எல்லாவற்றையும் நிறுத்திவிட்டு, டீயும் பன்னும் ரஸ்க்கும் தெளிந்த கஞ்சித்தண்ணியுமாக ஒரு வாரம் ஓட்டிவிடுகிறோம். அந்த ஒரு வாரத்தில் போன தசை திரும்ப மாதங்கள் ஆகும்.

குழைய வேகவைத்த அரிசியும் பருப்பும் சாதத்தில் ஒரு கரண்டி நெய்யோ நல்லெண்ணெயோ விடுங்கள். ஒரு தேக்கரண்டி எண்ணெய்க்கு 45 கலோரி. ராகிக் கஞ்சியில் வறுத்த நிலக்கடலைப் பொடியைக் கலந்து கொடுங்கள்; நூறு கிராம் கடலையில் 25 கிராம் புரதம். கடலை ஒத்துக்கொள்ளாத பிள்ளைக்கு மட்டும் வேண்டாம். முட்டை தாராளமாகக் கொடுக்கலாம். மூலனூர்ப் பக்கம் முருங்கை விளையும் மண்ணில் இருந்துகொண்டு கீரைக்குப் பஞ்சம் சொல்லலாமா? ஒரே வேளையில் திணிக்காதீர்கள். இரண்டு மணிக்கொரு தரம் நான்கு வாய் போதும். தாய்ப்பால் குடிக்கும் குழந்தைக்கு அதை ஒருபோதும் நிறுத்தாதீர்கள். காய்ச்சல் விட்ட பிறகு இரண்டு வாரமாவது வழக்கத்தைவிட ஒரு வேளை கூடுதலாகக் கொடுங்கள். மருத்துவமனையில் சேர்த்த பிள்ளைக்கு மட்டும் எவ்வளவு, எப்போது என்பதை மருத்துவரே சொல்லட்டும். காரணத்தை முன்பே சொன்னேன்.

எம்.ஐ.எஸ்.-சி வந்து வீடு திரும்பிய பிள்ளையை எக்கோ பார்க்க மறுபடி மறுபடி வரச் சொல்கிறோம். சில மாதம் ஓடியாடி விளையாட வேண்டாம் என்கிறோம். ஐ.வி.ஐ.ஜி. ஏற்றியிருந்தால் தட்டம்மைத் தடுப்பூசியைப் பதினொரு மாதம் தள்ளிப்போடுகிறோம். அத்தனையும் சீட்டில் இருக்கும். எடை எவ்வளவு ஏறியிருக்க வேண்டும் என்பதும் அதே சீட்டில் இருக்க வேண்டும்.

முடிவாக, ஆளுக்கொன்றாக ஒரு வேண்டுகோள். தாய்மார்களே, கொரோனாவோ வேறு எந்த வைரஸ் காய்ச்சலோ வந்துபோன ஆறு வாரத்துக்குள் மறுபடி மூன்று நாள் காய்ச்சலும் வயிற்றுவலியும் சிவந்த கண்ணும் சேர்ந்து வந்தால், கடையில் மருந்து வாங்கிக் கொடுத்துக்கொண்டிருக்காமல் அரசு மருத்துவமனைக்கு வாருங்கள். முந்தைய காய்ச்சலைப் பற்றி மருத்துவரிடம் மறக்காமல் சொல்லுங்கள். அங்கன்வாடிச் சகோதரிகளே, பதிவேட்டில் இல்லாத பிள்ளையைத் தேடிப் பிடித்துத் தராசில் நிறுத்துங்கள். ஆசிரியர்களே, ஆண்டுக்கு ஒரு தரம் என்பதை மூன்று மாதத்துக்கு ஒரு தரம் என்று நீங்களாகவே ஆக்குங்கள். ஒரு தராசும் ஒரு அளவுகோலும் போதும். என் சக மருத்துவர்களே, காய்ச்சலுக்கு எழுதும் ஒவ்வொரு சீட்டிலும் பிள்ளையின் எடைக்குக் கீழே, இன்று என்ன சாப்பிட வேண்டும் என்று ஒரு வரி எழுதுங்கள். அந்த வரி இல்லாமல் சீட்டை நீட்டினால், பெற்றோரே, நீங்கள் கேட்டு வாங்குங்கள். அது உங்கள் உரிமை.